தேக்சாவை ஏற்றிப் பார்த்த வண்டி

தஞ்சாவூர் புறவழிச் சாலையில், நெல் விளைந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் எழுப்பிய கார் ஷோரூமுக்குள், ஒரு செம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்த முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டி என்றால் லாத்தாவுக்குக் கோபம் வரும். அது தேக்சா. மூன்று படி அரிசிக்குப் பிரியாணி ஆக்கலாம். உள்ளே ஈயம் பூசியது, வயிறு பெருத்தது, ஆளுக்கு ஒரு காதைப் பிடித்தால்தான் நகரும். ஒரு காதைத் தம்பி பிடித்திருந்தான், இன்னொன்றை என் வீட்டுக்காரர். மூடியை மார்போடு அணைத்தபடி பின்னால் லாத்தா வந்தாள். எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்போம். அவளுக்குப் பின்னால், எங்களுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல், தம்பி மனைவியும் இரண்டு பிள்ளைகளும். நான் எங்கேயும் நிற்கவில்லை. எனக்கு நிற்க வராது. பளபளத்த வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

டை கட்டிய சேல்ஸ்மேன் ஓடி வந்தார்.

"சார், இது…?"

"தேக்சா."

"அது தெரியுதுங்க சார். இங்க எதுக்குங்க?"

"வண்டில போகுதான்னு பாக்கணும்ல?" என்றான் தம்பி.

"டிக்கி அளவு எத்தன லிட்டர்னு நோட்டீஸ்லயே போட்டிருக்குங்க சார்."

"லிட்டரு பாலுக்குப்பா," என்றாள் லாத்தா. "இதுக்குப் படிக்கணக்கு."

அவர் சிரித்துவிட்டார். அன்று முழுக்க அந்தக் கழுத்து டை நேராகவே இல்லை.

இன்னொரு வீட்டில் டேப்பை எடுத்து அளப்பார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பயணம் என்றால் முதலில் ஏறுவது தேக்சா. வெளிச்சோறு ஆகாது என்று எங்களைப் பெற்ற அத்தா காலத்திலிருந்தே ஒரு சட்டம். ஊர் தாண்டிப் போனாலும், ஆறு தாண்டிப் போனாலும், மரத்தடி பார்த்து இறக்கி, பெரிய தட்டில் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் யார் நின்றாலும் அவர்களுக்கும் ஒரு வாய். அதனால்தான் ஆறேழு பேருக்கு மூன்று படி. ஆக்குகிறவள் லாத்தா. விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு முன்னால் எழுந்து ஆக்கி, தம் போட்டு, மூடி விளிம்பில் மாவு பூசி, துணி சுற்றி, வண்டியில் ஏற்றி, வாசலில் நின்று கையசைப்பாள்.

அவள் வரமாட்டாள். "நான் எதுக்கு? எனக்கு வண்டி ஒத்துக்காது. கோழிக்குத் தீனி யாரு வைக்கிறது? நீங்க போய்ட்டு வாங்க." அம்பாசிடர் வாடகைக்கு எடுத்த காலத்திலும் அப்படித்தான். பிறகு நாட்டுக்குள் விதவிதமான வண்டிகள் வந்து இறங்கி, எங்கள் தெருவில் வேன்கள் பெருகிய காலத்திலும் அப்படித்தான். கல்யாணம், மௌத்து வீட்டுத் துக்கம், ஆஸ்பத்திரி என்று பஸ்ஸில் போவாள். காரணமில்லாமல் அவள் எங்கும் போனதில்லை. லாத்தாவுக்கு ஊர் சுற்றப் பிடிக்காது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஒரு முறை பூம்புகாருக்கு வேன் எடுத்தோம். கிளம்பும்போது எதையோ மறந்து நான் மட்டும் வீட்டுக்குள் ஓடினேன். லாத்தா முற்றத்தில் நின்றிருந்தாள். காலில் புதுச் செருப்பு. ஊதா நிறம், ஓரத்தில் சின்னப் பூ. என்னைப் பார்த்ததும் ஒரு காலால் இன்னொரு காலை மறைத்தாள். வெளியே, கடைசியாக மிச்சமிருந்த இடத்தில், தேக்சாவைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பரணில் வைத்தாள். "போ போ, வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்," என்றாள்.

அன்று கடலை நான் பார்க்கவில்லை. அலை வரும்போதெல்லாம் ஊதா நிறத்தில் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு வெட்கமாகிவிடும். அதனால் தம்பி லீவில் வந்து, "பெரிய வண்டி ஒண்ணு எடுக்கப் போறேன்" என்றபோது, நான் மனசுக்குள் ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன்: லாத்தாவும் போகணும், தேக்சாவும் போகணும். அப்படிப்பட்ட வண்டி எதுவோ அதுதான் நல்ல வண்டி.

தம்பிக்கு வேறு கணக்கு. பதினைந்து வருஷம் சவூதியில் ஒரு வீட்டு டிரைவர். அந்த வீட்டில் மூன்று வரிசை சீட்டு வைத்த வண்டிகள்தான். வியாழன் மாலையானால் அவர்கள் குடும்பம் மொத்தமும் ஏறும், பாய், கூஜா, ஆட்டுக்கறி, பிள்ளைகள், வேலைக்காரி, பாலைவனத்துக்கு. "கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன்," என்பான். "பின்னாடி ஒரு குடும்பமே சிரிச்சிக்கிட்டு வரும். எனக்குப் பாஷை புரியாது. சிரிப்பு மட்டும் புரியும்." அவன் கண்ணாடியில் எங்கள் முகங்கள் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு.

ஷோரூமில் சேல்ஸ்மேன் கடைசி வரிசையை மடக்கினார். இரண்டு சீட்டும் தலை குனிந்து தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன. தேக்சா உள்ளே போய், அரண்மனையில் குடியேறியதுபோல் உட்கார்ந்தது. நாலு பக்கமும் இடம்.

"மாஷா அல்லாஹ்!" என்றான் தம்பி. பிள்ளைகள் கை தட்டினார்கள். சேல்ஸ்மேனும் தட்டினார். மேல்கூரை திறந்தது, வானம் தெரிந்தது, சின்னவன் தலையை நீட்டி ஷோரூமுக்கு சலாம் சொன்னான்.

நான் எண்ணினேன். மிச்சம் ஐந்து சீட்டு. தம்பி, அவன் மனைவி, நான், என் வீட்டுக்காரர், பெரியவன். சின்னவன் மடியில்.

"சீட்ட நிமித்திட்டு வச்சுப் பாருங்க," என்றேன்.

நிமிர்த்தினால் பின்னால் ஒரு சாண் இடம். அதில் தேக்சாவின் மூடி நிற்கும்.

"எதுக்கு நிமித்தணும்? லாத்தாதான் வரமாட்டாங்களே," என்றார் என் வீட்டுக்காரர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கிழக்கு எது என்று சொல்வதுபோல் சொன்னார். லாத்தா மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நல்லவேளை, விலையைக் கேட்டதும் தம்பியே பின்வாங்கினான். "இதுக்கு நான் இன்னும் ஆறு வருஷம் அங்கயே கெடக்கணும் சின்ன லாத்தா." பழைய வண்டி பார்ப்போம் என்று முடிவானது.

பத்து நாள் கழித்து வலங்கைமானில் ஒரு அரிசி ஆலைக்காரர் வண்டி விற்கிறார் என்று தகவல் வந்தது. ஒரே கையில் இருந்தது, சாம்பல் நிறம், ஏழு சீட்டு, புது வண்டியைவிட ஒரு முழம் நீளம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், அவர்கள் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ள தம்பி மனைவி வீட்டில் இருந்தாள். தம்பி, என் வீட்டுக்காரர், நான் மூவரும் ஒரு வேன் பிடித்தோம். தேக்சாவும் வந்தது. அதனால் லாத்தாவும் வந்தாள். "உங்ககிட்டக் குடுத்தா நெளிச்சிருவீங்க" என்பது அவள் சொன்ன காரணம்.

மாசி மாதம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் வாசனையில் வண்டி மிதந்தது. நான் ஜன்னலை மூடவில்லை.

"வாங்க பாய், வாங்கம்மா," என்றார் ஆலைக்காரர். தேக்சாவைப் பார்த்து, "சாப்பாட்டோடவே வந்துட்டீங்களா!" என்றார்.

தம்பி வேலையை ஆரம்பித்தான். பானெட்டைத் திறந்து காது வைத்தான். ஆயில் மூடியைக் கழற்றி மோந்தான். டயரில் விரல் ஓட்டினான். குனிந்து அடியில் பார்த்தான். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அடி நுனிவரை சேறு இருக்கிறதா என்று தடவினான். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி விற்பவர்கள் பெல்ட்டின் அடி நுனியை மறந்துவிடுவார்களாம்.

"சந்தேகமே வேணாம் பாய், மழைல தண்ணி ஏறாத எடம் நம்ம எடம்."

"எல்லாரும் இப்படித்தாங்க சொல்றாங்க."

அதற்குள் லாத்தா கடைசி வரிசைக்குள் ஏறியிருந்தாள். முட்டி வலியோடு, பக்கவாட்டில், ஒரு கையால் நடுச் சீட்டைப் பிடித்து எப்படியோ. சீட்டு ஓடுகிற இரும்புத் தண்டின் இடுக்கில் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்தாள். ஐந்தாறு நெல்மணி.

"இதுல நெல்லு ஏத்துனீங்களா?"

"ஆவணில வெத நெல்லு ரெண்டு மூட்டை ஏத்துனேம்மா. கூட்டித்தான் விட்டேன்," என்றார் ஆலைக்காரர், கொஞ்சம் கூச்சத்தோடு.

லாத்தா மணிகளை உள்ளங்கையில் வைத்து வெளியே நீட்டினாள். "கார்த்திகை மழைல தண்ணி ஏறியிருந்தா இது முளைச்சிருக்கும்லடா? பாரு, கொட்ட மாதிரி கெட்டியா இருக்கு."

தம்பி மணிகளைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், பெல்ட்டை விட்டுவிட்டான். அது சுருண்டு உள்ளே ஓடியது. ஆலைக்காரர் வாய்விட்டுச் சிரித்து, "அம்மாவ எங்க ஆலைக்கு அனுப்புங்க," என்றார்.

பிறகு தேக்சா. கடைசி வரிசை நிமிர்ந்திருக்க, பின்னால் வைத்தோம். போனது.  கதவை இறக்கினான் தம்பி. இரண்டு விரல் இடைவெளி. திருப்பி வைத்தோம், காதைக் குறுக்கே வைத்தோம், சாய்த்தோம். இரண்டு விரல், இரண்டே விரல்.

"மேல கேரியர் போட்டுக் கட்டிருங்க பாய்."

"சோத்த மேல கட்டி வெயிலுக்குக் காட்டுறதா?" என்றாள் லாத்தா.

வேறு வழியில்லாமல் கடைசி வரிசையில் ஒரு சீட்டை மட்டும் மடக்கி, அதன்மேல் தேக்சாவை வைத்தோம். பக்கத்துச் சீட்டில் லாத்தா, அது உருளாமல் பிடித்துக்கொள்ள. ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். தம்பி ஓட்டினான், பக்கத்தில் ஆலைக்காரர், நடுவில் நாங்கள் இருவர். வண்டி என்னவோ அருமை. நெல் பரப்பிய ஓரத்தை உரசாமல் வழுக்கிக்கொண்டு போனது. மேடு பள்ளம் தெரியவில்லை. எனக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. சின்னவனை மடியில் வைத்தால் எல்லோரும் ஏறலாம், ஆனால் லாத்தா வழியெல்லாம் தேக்சாவைப் பிடித்துக்கொண்டேதான் வரணுமா, இன்னும் பெரிய வண்டி இருக்குமா, சின்ன தேக்சா வாங்கலாமா என்று மனசு நாலா பக்கமும் ஓடியது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அது சாத்தாமல் இருந்த நேரத்தை நான் பார்த்ததில்லை. சரக்கு ரயில் ஒன்று முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. வெயில் கண்ணாடியில் கொதித்தது.

"நல்லதாப் போச்சு, ஏசிய சோதிச்சிரலாம்," என்றான் தம்பி. "லாத்தா, பின்னாடி காத்து வருதா?"



திரும்பிப் பார்த்தேன். லாத்தா தேக்சாவைப் பிடித்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். ஏசி வருகிற துளைக்கு நேராக முகத்தைக் கொடுத்து, முக்காட்டுத் துணி படபடக்க, ஜன்னல் வழியாக ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வயசுப் பிள்ளை மாதிரி உதடு அசைந்தது.

"லாத்தா!"

"கேக்குது. குளுருது. நல்லாருக்கு." பிறகு, வெளியே பார்த்தபடியே, "இந்தச் சட்டிய எறக்கிட்டா இந்தச் சீட்டும் நிமிந்துக்குமா?"

சட்டி என்று சொன்னாள். லாத்தா சட்டி என்று சொன்னாள்.

"நிமிந்துக்கும். அப்பறம் சோறு?" என்றான் தம்பி.

"கடக்கரையில கட கண்ணி கெடயாதா? ஏழு பொட்டலம் வாங்க முடியாதா?"

  என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பினார். "நீங்க… வர்றீங்களா?"

"ஏன், வரக்கூடாதா? ஏழு சீட்டுன்னாங்க. எண்ணிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வாயில் வந்தது. இத்தனை நாள் தேக்சாவையும் அவளையும் சேர்த்து ஏற்ற வண்டி தேடி அலைந்தேன். ஒன்றை இறக்கலாம் என்று என் மூளையில் உதிக்கவே இல்லை.

"வீட்ட யாரு பாத்துக்கிறது? கோழிக்கு யாரு தீனி வைக்கிறது?" என்று சீண்டினேன்.

"கோழிக்கு எதுத்த வீட்டுல சொன்னா வைக்கமாட்டாங்களா? வீட்ட இது பாத்துக்கட்டும்." தேக்சாவின் வயிற்றில் ஒரு தட்டு தட்டினாள். "இத்தன வருஷம் இது ஊரு சுத்துனிச்சு, நான் வீட்டுல கெடந்தேன். போதும்."

கேட் திறந்தது. பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது. தம்பி நகரவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், கேட்டு தெறந்திருச்சு," என்றார் ஆலைக்காரர். "வண்டி முடிஞ்ச மாதிரிதானே?"

"முடிஞ்சிருச்சுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஜ்ர் முடிந்த கையோடு பூம்புகார். ஏழு சீட்டில் ஏழு பேர். பரணிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் இறங்கியது. ஊதாச் செருப்பு. நான் வானத்தைப் பார்த்தேன். அவ்வளவு வருஷம் காத்திருந்த செருப்பு கடற்கரை மணலில் பத்தடிகூடத் தாங்கவில்லை. அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. லாத்தா நின்று பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து எழுப்பி, "வாங்க பெரிய மாமி," என்று தங்கள் அத்தையை வெறுங்காலோடு அலைக்கு இழுத்துப் போனார்கள்.

கடைச் சாப்பாடு வாங்கினோம். மீன் வறுவலும் சோறும், ஆளுக்கு ஒரு இலை. ஒரே தட்டு இல்லாததால் கைகள் பழக்கத்தில் பக்கத்து இலைக்குப் போய்க்கொண்டே இருந்தன. முதல் கவளத்தை எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தபடி மென்றோம்.

"உப்பு பத்தல. மீனு சின்னது," என்றாள். இன்னொரு கவளம். "இன்னொரு பொட்டலம் வாங்கு."

சாயங்கால அஸர் தொழுகை முடித்துக் கிளம்பினோம். கடைசி வரிசை, இடது ஜன்னல், அது அவளுடையது என்று பேசாமலே ஆகிவிட்டது. முட்டிக்கு நடுச் சீட்டு சுகம் என்று எவ்வளவோ சொன்னோம். காலை நீட்டிக்கொண்டாள், சேலை ஓரத்தில் ஈரம், காலில் மணல். மயிலாடுதுறை தாண்டியது. கும்பகோணம் தாண்டியது. இருபுறமும் அறுத்த வயல்கள் மஞ்சளாகத் திறந்து கிடந்தன. எங்கள் ஊர் திரும்புகிற முனை வந்தபோது தம்பி இண்டிகேட்டர் போட்டான்.

"டேய்," என்றது கடைசி வரிசை. "அதுக்குள்ள வீட்டுக்குள்ள உடாத. கொஞ்சம் சுத்திக்கிட்டுப் போ."

தம்பி கண்ணாடியைப் பார்த்தான். இண்டிகேட்டரை அணைத்தான். நேரே போனோம்.