வள்ளியாற்றுக் கதம்பலும் ஒரு செம்புத் தண்ணீரும்

1. போலீஸ் வேண்டாம்

திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர். கடியப்பட்டணம் பக்கம் என்னைப் போட்ட முதல் நாளே ஹெல்த் ஆபீசர் கூப்பிட்டுச் சொன்னார்: "வள்ளியாறு நாறுது. பக்கத்து ஊர்ல வாந்திபேதி தலைகாட்டியிருக்கு. போலீஸைக் கூட்டிட்டுப் போய் கதம்பலை முழுக்க வாரிக் கரையில போடும்."

கதம்பல் என்றால் தேங்காயை உரித்த மட்டை. அதை ஆற்றில் மாதக்கணக்கில் அழுக வைத்து, அடித்து நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். கோடையில் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், மணல் மூடி அடைந்துவிடும். அழுகல் தண்ணீர் போக வழியில்லாமல் கறுத்து நிற்கும். அதே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் ஊரே குடித்தது.

ஆனால் பாதி அழுகலில் வாரிப் போட்ட கதம்பல் அடுப்பெரிக்கத்தான் ஆகும். அதை நம்பிக் கயிறு திரித்துப் பிழைக்கும் பெண்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். "கொஞ்சம் டயம் குடுங்க சார், போலீஸ் வேண்டாம்" என்றேன்.

"இங்க வாந்திபேதி வந்தா உம்ம வேலை போகும்."

"போகட்டும் சார்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயசு.

2. செம்புத் தண்ணீர்

தமுக்கு அடித்தேன். வீடு வீடாகப் பேசினேன். திருவனந்தபுரத்திலிருந்து நோட்டீஸ் வந்தது, மலையாளத்தில்! ஒட்டிய சுவருக்கே அது புரிந்திருக்காது. கதம்பல் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் திரேசம்மாள். "எங்க அம்மைக்க காலத்துலயும் இதே ஆறுதான் சாரே. ஆரு செத்தா?" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். சண்டைக்காரனே ஆனாலும், வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அங்கே பேச்சு கிடையாது. செம்பை நீட்டினாள். வாய்ப் பக்கம் கொண்டுபோனவன் முகம் சுளித்துச் செம்பை இறக்கிவிட்டேன்.

"என்ன சாரே, குடிக்கல்லியா?"

"நாறுது, திரேசம்மா."

வெடுக்கென்று வாங்கி மோந்து பார்த்தாள். நாள் முழுக்க அந்த ஆற்றுத் தண்ணீரில் நின்று வேலை செய்பவளுக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. "வீடு தேடி வந்தவனுக்கு நாத்தத் தண்ணி குடுத்த குடும்பம்னு பேராகிப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கே பாவமாகிவிட்டது. உடனே வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி, "ஏட்டி, எல்லாரும் இஞ்ச வாங்கட்டி!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

அன்று சாயங்காலமே முடிவாயிற்று. ஊறிக் கிடப்பது ஊறி முடியட்டும். குடிதண்ணீர் ஊற்று கதம்பலுக்கு மேல்பக்கம் போகட்டும். இனி வரும் கதம்பலுக்கு ஆற்றை விட்டுத் தள்ளிக் குழி. ஆண்கள் மண்வெட்டியோடு போய்ப் பொழியை வெட்டிவிட்டார்கள். கறுப்புத் தண்ணீர் கடலுக்குப் பாய்ந்தது. வாந்திபேதி எங்கள் ஊருக்குள் வரவேயில்லை.

3. சர்க்கார் ஜீப்

மறு வருஷம் ஆபீசர் பார்வையிட வந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் கழுவுவதற்காக ஜீப்பை ஆற்றில் இறக்கிவிட்டான். திரேசம்மாளும் பெண்களும் குழிக்கரையிலிருந்து ஓடி வந்தார்கள்.

"ஏலே, வண்டியக் கரையில ஏத்து!"

"இது சர்க்கார் வண்டியாக்கும்."

"பின்ன? சர்க்காரா இந்தத் தண்ணியக் குடிக்கு? நாங்கல்லா குடிக்கோம்!"

ஆபீசர் என்னைப் பார்த்தார். "உம்ம ஏற்பாடா?"

"இல்ல சார், அவங்க ஆறு" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆற்றுக்குச் சட்டத்தைக் காவல் வைத்தால், சட்டம் வீட்டுக்குப் போன நேரத்தில் ஆறு நாறும். குடிக்கிறவர்கள் காவல் நின்றால் சர்க்கார் ஜீப்பே தப்பாது.

தப்பவும் இல்லை. சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஆபீசர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கித் தள்ளினார். "நல்லா அமுக்கித் தள்ளும் சாரே!" என்று கரையில் நின்று வேலை வாங்கினாள் திரேசம்மாள்.