ஞாயிற்றுக்கிழமை வில்

அந்தச் சட்டத்தைப் பற்றித் தாளாளரிடம் சொன்னவன் நான்தான். அதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம்.

கோவைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒருநாள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னேன்: பழைய இங்கிலாந்தில் ஆண்கள் எல்லோரும் விடுமுறை நாளில் வில் பழக வேண்டும், பந்து விளையாடக் கூடாது என்று அரசன் ஆணை போட்டிருந்தான். தாளாளர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படி இருந்தாத்தானுங்க சார் பசங்க உருப்படுவாங்க!"

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் ஞாயிறு காலை வில்வித்தைக்கு வந்தாக வேண்டும். இல்லையென்றால் வருகைப்பதிவில் கைவைப்பார்கள். மாணவிகளுக்கு விலக்கு. கால்பந்துக் கம்பங்களைப் பிடுங்கிப்போட்டு, அங்கே வைக்கோல் இலக்குகளை நிறுத்தினார்கள்.

மூன்றாம் வாரம் என் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் மூட்டை இறக்கிப் படிப்பவன். சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினான். வில்லின் நாண் அடித்து அடித்து முன்கை கன்றிக் கறுத்திருந்தது. கைக்கவசம் பத்துப் பேருக்குத்தான் இருந்ததாம்.

"மண்டியில வேற ஆளப் போட்டுட்டாங்க சார். நான் என்ன சண்டைக்கா போறனுங்க?"

நேராகத் தாளாளரிடம் போனேன். அவர் சிரித்தார். "ஒருத்தனுக்காக மாத்த முடியுங்களா? நீங்க சொன்னதுதானுங்களே இதெல்லாம். ஆண்டு விழாவுல அந்தச் சட்டத்தப் பத்தி நீங்களே பேசிப்போடுங்க."

பேசினேன். டீ வேளையில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் பேசினேன். "அந்த அரசனுக்குப் பிரான்சில் போர் இருந்தது. சாக ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் உழைக்கிறவனுடைய ஓய்வு நாளைப் பறித்தான். நமக்கு என்ன போர்? யார் வயிற்றில் அடிக்கிறோம்?"

மைக் செத்தது. பின்வரிசை மாணவர்கள் கைதட்டினார்கள். தாளாளர் இன்னொரு மைக்கை வாங்கி, "சாருக்கு உடம்பு சரியில்லீங்க" என்றார். மறுநாள் எனக்கு மெமோ.

பயிற்சி நிற்கத்தான் செய்தது, இரண்டு மாதம் கழித்து. குறி தப்பிய ஓர் அம்பு தாளாளரின் கார் கண்ணாடியை உடைத்தது. அன்று மாலையே வில்லையெல்லாம் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கன்றிப்போன கைகளைப் பார்த்து மனமிரங்காதவர்கள் ஒரு கண்ணாடிக்காகப் பதறினார்கள்.

அந்த மாணவனுக்கு மண்டி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது மாலையில் காந்திபுரத்துத் துணிக்கடை ஒன்றில் நிற்கிறான். போய் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளருக்குத் துணியை விரித்துக் காட்டப் போனான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.