வெள்ளைச் சட்டையும் சொட்டு நீலமும்

ஞாயிறு பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். மொத்தம் ஆறு இருக்கின்றன. துவைப்பது மெஷின் என்றாலும், கடைசியில் வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து அலசுவது என் மனைவி. ஒரு வாளிக்கு நாலு சொட்டு. அவள் விடும்போது பக்கத்தில் நின்று எண்ணுவேன். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

கண்ணில் புரை வளர வளர அவளுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. "இன்னும் வெளுக்கலீங்க" என்று சொட்டுகளைக் கூட்டினாள். நாலு ஏழாகி, ஏழு பன்னிரண்டானது. சட்டைகள் ஆறும் வெளிர்நீலமாகிவிட்டன.

குழம்பில் உப்பு, லிஃப்டில் நாற்றம், மேல்வீட்டு டிவி என்று நாள் முழுக்கக் குறை சொல்கிறவன் நான். இதை மட்டும் சொல்லவில்லை. கண் போய்விட்டால் தன்னால் ஒரு வேலையும் ஆகாதே என்று அவள் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தாள்.

"வெள்ளையா இருக்கா?" என்று சனிக்கிழமைதோறும் கேட்பாள்.

"வெள்ளைச் சட்டைதானே" என்பேன்.

அது பொய்யில்லை என்று எனக்குள் வாதாடிக்கொள்வேன். வெள்ளை என்பது பொருளின் பெயரோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். தோல் பழுப்பேறினாலும் அது வெள்ளைப்பூண்டுதான். வெண்மை அப்படி வராது. 'வெண்மைச் சட்டை' என்று யாரும் சொல்வதில்லை. 'வெண்மையான' என்று நீட்ட வேண்டும், அல்லது வெண்புறாவில் வருவதுபோல 'மை' என்ற வாலை விட்டுவிட்டு வர வேண்டும். அது கூடும், குறையும். அவள் கேட்டது வெண்மையைப் பற்றி. நான் பதில் சொன்னது வெள்ளையைப் பற்றி.

ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் பாடகர் குழுத் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணே, திரும்ப ஸ்கூல் பிரிஃபெக்ட் ஆயிட்டீங்களா?" இங்கே பள்ளிகளில் மாணவத் தலைவர்களுக்குத்தான் வெளிர்நீலச் சட்டை.

"மெதுவா பேசு தம்பி. பின்னால அக்கா வருது லா."

போன மாதம் கண் ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். சுங்கை பினாங் வீட்டுக்கு வந்ததும் நேராகப் பால்கனிக்குப் போனாள். மூங்கில் கழியில் ஆறு சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. நான் கூடத்திலேயே நின்றுவிட்டேன்.

சட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை வாரமா இப்படி?"

"எண்ணல."

"நீங்களா? எண்ணலையா?"

சிரிக்கத் தொடங்கினாள். கண்ணுக்குச் சிரமம் தரக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அதற்கும் சிரித்தாள். "பிரிஃபெக்ட்னு அந்தத் தம்பி சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அன்னைக்குப் புரியல" என்றாள்.

சட்டைகளை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டாள். நீலம் முழுதாகப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை வாளி முன்னால் நின்று, மூடிய நீலப் புட்டியை என்னிடம் நீட்டினாள்.

"இந்த வாரம் வேணாம்தானே?"

"வேணாம்" என்றேன். புட்டியை வாங்கி அலமாரியில் வைத்தேன்.