நல்லெண்ணெய் நீச்சல்

உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு பாரிஸில் நீச்சல் குளத்தில் இறங்கிய ஒரே மனிதன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். வேறு யாரும் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

மகள் பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்புக்குப் போவாள். தண்ணீரில் மட்டும் இறங்க மாட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பாள். அப்பா இறங்கினால் தானும் இறங்குவதாகச் சொன்னாள். அப்பாவுக்கும் நீந்தத் தெரியாது.

எதையும் படித்துவிட்டுச் செய்வது என் வியாதி. பழைய புத்தகக் கடையில், நூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலேய நீச்சல்காரி ஒருத்தியின் வாழ்க்கைக் கதை அகப்பட்டது. பஞ்சாலைத் தொழிலாளி. ஊர்க் குளத்தில் வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் மாற்றுவார்கள்; கலங்கிப்போன கடைசி நாளில் கட்டணம் குறைவு என்பதால் அன்றுதான் போவாள். நனைந்தால் ஆளையே கீழே இழுக்கும் கம்பளி உடையில் போட்டிகளை வென்றாள். கடைசி அத்தியாயத்தில் அதே குளத்துக்குத் திரும்பி, ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் நீச்சல் பழக்கினாள். இவ்வளவையும் விட்டுவிட்டு, குளிர்ந்த கடலில் இறங்குமுன் உடம்பில் கொழுப்புப் பூசினாள் என்ற ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போன அன்று சனிக்கிழமை, எண்ணெய் முழுக்கு நாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

குளத்தில் இறங்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது விதி. நான் தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு தப்பி வந்தேன். ஏணிப்படியில் எண்ணெய்க் கால் வழுக்கியது. நெஞ்சளவுத் தண்ணீர்தான், ஆனாலும் அடிவரை போய் வந்தேன். கண் திறந்தபோது என்னைச் சுற்றி வானவில். பக்கத்தில் மகள், கழுத்துவரை தண்ணீரில், என் கையை இறுக்கிப் பிடித்தபடி.

காவலுக்கு நின்ற பெண் விசில் ஊதினாள். அது என்ன என்று கேட்டாள். எள்ளெண்ணெய் என்றேன். சாலட்டுக்கு ஊற்றுவதா என்றாள். ஓம் என்றேன். எங்களை வெளியே அனுப்பியிருக்கலாம். அவளோ சவர்க்காரத்தைக் கையில் தந்து குளிக்க அனுப்பினாள். திரும்பி வந்ததும் என் நாடிக்குக் கீழே கைகொடுத்துத் தாங்கி மிதக்கவிட்டாள். அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும், ஓய்வு கிடைத்த போதெல்லாம், அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்த்தே பழக்கினாள். புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அவளைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. அந்த நன்றி இன்னும் தீரவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூட அணியில் நீந்துகிறாள். முதல் போட்டி முடிந்து மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் மெத்ரோ ரயிலை விட்டுப் படியேறி வரும்போது, அன்று அப்பாவின் துணிச்சலைப் பார்த்துத்தானே நீயும் இறங்கினாய் என்று கேட்டேன். எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்பவள், எனக்கு வடிவாக விளங்கட்டும் என்று தமிழில் சொன்னாள்:

"இல்லையப்பா. நீங்கள் தண்ணிக்குள்ள தாண்டு போயிடுவியள் எண்டுதான் குதிச்சனான்."