ஓர்ஸ் ஹில்லில் குடிக்காத தேத்தண்ணீர்

காலை 5.40. திரியாய்ச் சந்தி.

பஸ் வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. சந்தியில் நானும் பரமக்காவும் மட்டும் நின்றோம். என் கையில் இரண்டு பைகள். ஒன்றில் அரைக் கிலோ நெத்தலிக் கருவாடு. மற்றதில் வாழையிலையில் கட்டிய இரண்டு புட்டுப் பார்சல். திருகோணமலைக்கு நாற்பத்தெட்டு கிலோமீற்றர், ஒருவருக்கு 190 ரூபா. ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கக் கச்சேரிக்குமாக இந்தப் பாதையில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒருநாளும் சங்கத்துக்காகப் போனதில்லை.

பரமக்கா எங்கள் கருவாட்டுப் பெண்கள் சங்கத்தின் தலைவி. நான் செயலாளர். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், கையெழுத்து அழகாக இருக்கும், அதனால் கிடைத்த பதவி. கூட்டங்களில் எழுதுவேனே தவிர வாய் திறக்க மாட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும்.

போன கிழமை ஒரு கடிதம் வந்தது. எங்கள் நாடும் இந்தியாவும் வரியில்லாத வர்த்தக ஒப்பந்தம் ஒன்றுக்காகப் பேசிக்கொண்டிருக்கின்றன, அதைப் பற்றிச் சிறு உற்பத்தியாளர்களின் கருத்தைக் கேட்கக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் மேட்டு மண்டபத்தில் கூட்டம், மாதிரிப் பொருளோடு வரவும் என்று எழுதியிருந்தார்கள். ஒப்பந்தம் வந்தால் அங்கிருந்து வரும் சாமான்களுக்கு வரி இராது. ஆனால் சில சாமான்களை விலக்கி ஒரு பட்டியலில் போடுவார்களாம். பட்டியலில் உள்ளதற்கு வரி அப்படியே இருக்கும். நெத்தலிக் கருவாடு அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கப்பலில் வரும் நெத்தலியின் விலைக்கு எங்களால் விற்க ஏலாது. எங்கள் சங்கத்தில் பத்தொன்பது பெண்கள். பத்தொன்பது அடுப்பும் கடற்கரையில் வலை கட்டிய பரண்களில் காயும் மீனால்தான் எரிகின்றன.

பட்டியல் என்ற சொல்லே எங்கள் ஊருக்குப் பழைய பயம். யுத்த காலத்தில், பிடித்துக்கொண்டு போக வருபவர்களின் பட்டியலில் பெயர் இருக்கக்கூடாதே என்று கும்பிட்டோம். இப்போது பெயர் இருக்க வேண்டுமே என்று போகிறோம்.

6.15. குச்சவெளி.

பஸ் நிறைந்துவிட்டது. பைகளை மேல் தட்டில் வைக்கச் சொன்னார் கொண்டக்டர். புட்டுப் பையை வைத்தேன். கருவாட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"அம்மா, மடியில என்ன, குழந்தையோ?" என்றார் அவர்.

"குழந்தைதான். பத்தொன்பது தாய் பெத்தது," என்றார் பரமக்கா. முன் சீற்றில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரமக்காவுக்கு அப்படி ஒரு வாய். அவர் பேசுவார், நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்பதே என் தைரியம்.

பஸ் கும்புறுபிட்டியைத் தாண்டும்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்ச கேள் பிள்ளை. அங்க ஒண்டும் வாயில வைக்கப்படாது. தேத்தண்ணி தந்தாலும் வேண்டாம். விளங்குதோ?"

விளங்கியது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். எல்லைச் சண்டைக்கு ஞாயம் கேட்கப் போனாலும், வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லப் போனாலும், அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். ஒரு வீட்டின் உப்பைத் தின்றால் அன்றைக்கு அந்த வீட்டாரை எதிர்த்துக் கதைக்கக்கூடாது. புட்டுக் கட்டிக்கொண்டு போனதும் அதற்காகத்தான்.

இறக்கக்கண்டிப் பாலத்தில் வெயில் ஏறிவிட்டது. கீழே படகுகள் வந்து சேர்ந்திருந்தன. நிலாவெளி உப்பளத்தில் உப்பு வெள்ளைக் குவியலாக இருந்தது. எங்கள் கருவாட்டுக்கு உப்பு அங்கிருந்துதான் வருகிறது. என் மனம் அதில் நிற்கவில்லை. என்ன கேட்பார்கள், எந்த மொழியில் கேட்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

7.50. திருகோணமலை பஸ் நிலையம்.

இறங்கி, நகரத்துக்குள்ளேயே திரியும் புள்ளிமான்கள் குப்பைக்குள் வாழைத்தோல் தேடுவதைக் கடந்து, முச்சக்கர வண்டியில் ஏறினோம். ஓர்ஸ் ஹில்லுக்கு 250 ரூபா கேட்டார் சாரதி, பரமக்கா இருநூறுக்குக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் வண்டி முனகும்போதுதான் என் மடியைப் பார்த்தேன். ஒரு பை மட்டும் இருந்தது.

"அக்கா, புட்டு பஸ்ஸில விட்டிட்டன்."

பரமக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "கருவாடு இருக்குதோ?"

"ஓம்."

"அப்ப சரி. ஒருநாள் பட்டினியில சாகமாட்டம்."

சாரதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரமக்காவுக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். விடியவே மருந்துக் குளிசை போட்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்கு உடம்பு உதறும். அது எனக்குத் தெரியும்.

9.30. மண்டபம்.

நேரம் தவறாமல் வந்தது நாங்கள்தான். கொழும்பு ஆட்கள் இல்லை. வாகனம் இன்னும் பாதி வழியில், ஹபரணையில் நிற்கிறதாம். நாற்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். மூதூரிலிருந்து தயிர்க்காரர் மூன்று பேர், நிலாவெளியிலிருந்து உப்புக்காரர், கிண்ணியாவிலிருந்து அரிசி ஆலைக்காரர் இருவர். எல்லோரும் மடியில் ஒரு பையோடு, ஆஸ்பத்திரியில் எண் கூப்பிடக் காத்திருப்பவர்களைப்போல இருந்தார்கள்.

வாசலில் வரவுப் பதிவில் கையெழுத்துக் கேட்டார்கள். மேலே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி இருந்தது. வாசிக்கத் தெரியாத காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த கிண்ணியாக்காரர் நளீம் அதைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"வந்தீங்க எண்டதுக்கு மட்டுந்தான் தங்கச்சி. சம்மதம் எண்டு ஒண்டும் இல்ல. பயப்புடாதீங்க."

போட்டேன். அழகான கையெழுத்து என்று பெயர் எடுத்தவளின் கையெழுத்து அன்று கோணிப்போனது.

யன்னலால் உட்துறைமுகம் தெரிந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மறுகரையில் மாவு ஆலையின் உயர்ந்த கட்டடம். அதன் பக்கத்தில் ஒரு கப்பல். அதில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. கோதுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கப்பலைப் பார்க்கப் பார்க்க, அதன் வயிறு நிறைய நெத்தலி இருப்பதாகவே நினைப்பு வந்தது. எங்கள் ஊரின் எல்லாப் பரண்களையும் அந்தக் கப்பலின் ஒரு மூலையில் கொட்டிவிடலாம். கடலுக்கு அப்பால் இந்தியக் கரையிலும் எங்களைப்போலப் பெண்கள் வெயிலில் குந்தியிருந்துதான் மீன் கிளறுவார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. கப்பலின் அளவில்தான் பயம்.

பகல் 12.20.

பரமக்காவின் நெற்றி வியர்த்தது. கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. விரல்கள் உதறின.

"அக்கா, கடைக்குப் போய் ஏதும் வாங்கியாறன்."

"இறக்கம் இறங்கி ஏறி வர அரை மணித்தியாலம்... எனக்குக் கண் இருட்டுது பிள்ளை."

மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாடு வந்திருந்தது. கோழியும் பருப்பும் வைத்த சோற்றுப் பார்சல்கள். நான் ஓடிப்போய் ஒன்றை வாங்கிப் பிரித்து அவர் கையில் வைத்தேன். அவர் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். அவ்வளவு வாய்க்காரி ஒரு சொல்லும் சொல்லாமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

எனக்கும் ஒரு பார்சல் தந்தார்கள். பிரிக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டேன்.

கை கழுவி வந்த பரமக்காவின் முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இனி நான் கதைக்கேலாது."

"அக்கா, பகிடி விடாதேங்கோ."

"திண்டிட்டன் பிள்ளை."

"அது எங்கட ஊர் வழக்கம். இவைக்கு அது தெரியுமே?"

"இவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் கெஞ்சினேன். மருந்துக்குச் சாப்பிட்டது சாப்பாடு இல்லை என்றேன். அவர் தலையாட்டவில்லை. "நீ இன்னும் திண்ணேல்லை. நீ கதை," என்றார். புட்டுப் பையைப் பஸ்ஸில் விட்டது நான். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் என்னைக் கூடுதலாக வருத்தியது.

பிற்பகல் 1.10.

கொழும்பு அதிகாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும், களைத்த முகம். பக்கத்தில் ஒரு பெண் கணினியில் எழுத, அது சுவரில் பெரிதாக விழுந்தது. அந்தச் சுவரில் ஏறும் சாமான்தான் கொழும்புக்குப் போகும், அடுத்த சுற்றுப் பேச்சில் மேசைக்கு வரும் என்று நளீம் விளக்கினார். இரண்டு மணிக்கு முடிக்க வேண்டுமாம்.

உப்பு ஏறியது. தயிர் ஏறியது. அரிசி ஆலைக்காரர் நீண்ட நேரம் கதைத்தார். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு, "வேற ஆரும் இருக்கா?" என்று நளீம் கேட்டார்.

பரமக்கா என் முழங்கையில் கிள்ளினார். எழும்பினேன். நாற்பது முகம் திரும்பியது. நாக்கு ஒட்டியது.  கருவாட்டுப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"நான் திரியாயிலயிருந்து வந்தனான்," என்று தொடங்கினேன். "நாங்கள் நெத்தலிக் கருவாடு போடுறம். மண்ணில போடுறேல்லை, வலை கட்டின பரணில போடுறம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தநேரம் வீடு இல்லை, காணி காடு. முதல் செய்த தொழில் இதுதான். பத்தொன்பது பேர். இதுவும் போனா எங்களுக்கு வேற ஒண்டும் தெரியாது. இதையும் பட்டியல்ல போடுங்கோ."

நளீம் சிங்களத்தில் சொன்னார். ஒரே ஒரு வசனம். அந்தப் பெண் தட்டவில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

நான் திரும்பக் கதிரையில் இருந்திருக்கலாம்.  ஆனால் அவ்வளவையும் சொல்லி ஒரு வசனம்தானா?

"சேர், நான் கனக்கச் சொன்னனான்," என்றேன் நளீமிடம். "மிச்சத்தையும் சொல்லுங்கோ."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நளீமின் முகம் சிவந்தது. கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அதிகாரியிடம் திரும்பி, இந்தமுறை மெதுவாக, கையால் பரணின் உயரத்தைக்கூடக் காட்டிச் சொன்னார்.

அதிகாரி என் பையைக் காட்டி ஏதோ கேட்டார். கொண்டுபோய் மேசையில் பிரித்தேன். அவர் ஒரு நெத்தலியை எடுத்தார், மூக்கில் வைத்தார், உடைத்துப் பார்த்தார். பிறகு வாயில் போட்டு மென்றார்.

"மண் கடிபடேல்லையாம். உப்பும் அளவாம்," என்றார் நளீம்.

கதிரைக்குத் திரும்பியபோது பரமக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். காதுக்குள் சொன்னார்: "கண்டனியோ? எங்கட உப்பைத் திண்டவர்!"

சுவரில் புதிதாக ஒரு வரி விழுந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை. நளீம் அதில் விரலை வைத்து, "இதுதான் உங்கட மீன்," என்றார்.

"அப்ப பட்டியல்ல ஏறிட்டுதோ?"

"கேட்டது ஏறியிருக்கு. கிடைக்கிறது ரெண்டு நாடும் பேசி முடிச்சாத்தான். ஒண்டை வைக்கிறதுக்கு இன்னொண்டை விடச் சொல்லுவாங்க."

எங்களை விட்டு எதைக் காப்பாற்றுவார்கள்? 

புறப்படும்போது நளீமே ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "பேசி முடிஞ்சிதானே தங்கச்சி. இப்ப குடிக்கலாமே."

ஆவி பறந்தது. விடியலிலிருந்து என் வாயில் ஒன்றும் படவில்லை.

"கோபிக்காதேங்கோ சேர். ரெண்டு நாடும் இன்னும் பேசி முடிக்கேல்லையே," என்றேன்.

மாலை 4.15.

திரும்பும் பஸ்ஸுக்கு முன் நிலையத்துக் கடையில் காசு கொடுத்து ஒரு பணிஸும் பிளேன்ரீயும் வாங்கினேன், 130 ரூபா. புட்டுப் பையை யாரும் காணவில்லை. நகரத்தைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கோணேசர் மலைக்கு ஏறவில்லை, கடற்கரையில் நிற்கவில்லை. ஒரு மண்டபத்தையும் யன்னலால் ஒரு கப்பலையும் பார்த்தேன். எங்கள் கடற்கரையில் நின்றால் படகு எந்தப் பக்கத்தால் வருகிறது, யாருடையது, மீன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓர்ஸ் ஹில்லிலிருந்து பார்த்தால் கப்பல் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது.

6.25. திரியாய்ச் சந்தி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பரண் வேலை முடித்து, கையில் செதில் மினுங்க, சந்தியில் நின்றார்கள். பஸ் நிற்பதற்குள் கேட்டார்கள்: "என்ன சொன்னவை?"

"எழுதினவை," என்றேன். "முடிவு பிறகுதானாம்."

கேட்டவர்களின் முகம் வாடியது. பரமக்கா படியிலிருந்து இறங்கி நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "கதைச்சது இவள். அந்த ஐயா எங்கட நெத்தலி திண்டவர். நான் கண்ணால கண்டனான்."

முகங்கள் கொஞ்சம் தெளிந்தன. பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு புல்மோட்டைப் பக்கம் போனது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்:

"எத்தினை திண்டவர்?"

"ஒண்டு," என்றேன்.