முப்பது நாள் விதி

சிதம்பரத்தில் சட்ட மேற்படிப்பு படித்தபோது நான் எடுத்துக்கொண்ட பிரிவு ஐரோப்பிய வணிகச் சட்டம். முதுநகரிலிருந்து காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவேன். அந்தப் பிரிவை எடுத்தவர்கள் நான்கே பேர். மற்ற மூவருக்கும் வெளிநாடு போகும் யோசனை. எனக்குக் காரணம் வேறு. அம்மாவின் தம்பி, என் மாமா, முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நண்டுச் சதையை, குளிரில் வைக்காவிட்டால் கெட்டுவிடும் டப்பாக்களில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி நடத்தினார். அவருக்கு வரும் ஒப்பந்தங்களைப் பள்ளி நாட்களிலிருந்தே நான்தான் படித்துச் சொல்வேன். நாங்கள் செய்ய வேண்டியவை பக்கம் பக்கமாக இருக்கும். அவர்கள் செய்ய வேண்டியது கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி.

இரண்டாம் ஆண்டில், வகுப்பு இல்லாத ஒரு புதன்கிழமை கம்பெனிக்குப் போனேன். கிள்ளையிலிருந்து நண்டு உடைக்க வரும் பெண்கள் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நண்டு ஐஸில் கிடந்தது. சரக்கு ஏற்ற ஒன்பது நாள் இருக்கும்போது, வாங்கும் ஐரோப்பிய சூப்பர்மார்க்கெட் கம்பெனி ஆர்டரை ரத்து செய்து மெயில் அனுப்பியிருந்தது. திட்டம் மாறிவிட்டது என்று ஒரே வரி. மன்னிப்பு கூட இல்லை.

மாமா கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரிய கம்பெனி அப்படித்தான் என்றார், ஏதோ மழை வந்துவிட்டது என்பது போல.

அதற்கு முந்தின வாரம்தான் நூலகத்தில் ஒரு ஐரோப்பியச் சட்டத்தைப் படித்துப் பரீட்சைக்காக அடிக்கோடு போட்டிருந்தேன். கெட்டுப்போகும் உணவுப் பொருளுக்கான ஆர்டரை முப்பது நாளுக்கும் குறைவான அவகாசத்தில் பெரிய நிறுவனம் ரத்து செய்யக் கூடாது. விற்கும் சின்ன ஆள் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும் புகார் கொடுக்கலாம். எங்கள் வீட்டு விஷயத்தையே மார்க்குக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளே என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரிடம் போனேன். இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கிறேன், புகாரும் எழுதப் போகிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"அது அவங்க ஊரு விவசாயிக்குப் போட்ட சட்டம்மா. நம்ம நண்டுக்கு யாரு வரப்போறா? ரெண்டு பெரிய வழக்க எடுத்து எழுதி முடிச்சிட்டுப் போ."

சட்டத்தில் இருப்பதைக் காட்டினேன். அது தனக்கும் தெரியும் என்றார். தெரிந்தும் அப்படிச் சொன்னதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகாரை நானே எழுதினேன். அடுத்த ஆர்டர் போய்விடும் என்று மாமா நான்கு நாள் இழுத்தடித்தார். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்ற விதியைக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து, அந்த சூப்பர்மார்க்கெட் இருக்கும் நாட்டு அதிகாரிகள் மரியாதையாகவே பதில் எழுதினார்கள். எங்கள் ஒப்பந்தம் சூப்பர்மார்க்கெட்டோடு அல்ல, அது வளைகுடாவில் வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியோடு. வாங்குபவரும் விற்பவரும் ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பதால் சட்டம் பொருந்தாது.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், முதல் பக்கத்திலேயே இருந்தது. சட்டத்துக்கு அகப்படாமல் இருக்கவே ஒரு கம்பெனியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த ஒப்பந்தத்தை மாமாவுக்குப் படித்துச் சொன்னவள் நான். அவர்கள் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலும் வந்தது.

அன்று மாலை பாசஞ்சரில் கிள்ளைக்குத் திரும்பவிருந்த அந்தப் பெண்களில் மூத்தவரிடம் விஷயத்தைச் சொல்ல, ரயில் நிலையம் வரை கூடவே நடந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார்.

"அந்தச் சட்டத்துல எங்களப் பத்தி எதுனா எழுதியிருக்கா பாப்பா?"

இல்லை. விற்கிறவரைத்தான் அது காப்பாற்றும். நண்டு உடைக்கிற கை அதில் எங்கேயும் வரவில்லை.

ஆய்வேட்டில் வளைகுடா ஓட்டையைப் பற்றி ஒரு அத்தியாயமும், இந்தப் பெண்களைப் பற்றி ஒரு அத்தியாயமும் எழுதினேன். இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார் பேராசிரியர். எடுக்கவில்லை. தேறினேன், வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண்ணோடு.

மாமா அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு, ஐரோப்பாவிலிருந்தே நேராக வாங்கும் ஒரு சின்ன வியாபாரியைப் பிடித்தார். முப்பது நாள் விதியை ஒப்பந்தத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் மறுப்பே சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருந்த மாமாவிடம் இன்னொரு தாளை நீட்டினேன். வேலை இல்லையென்றால் பெண்களுக்கு இரண்டு வாரம் முன்பே அவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கூலி கொடுக்க வேண்டும்.

"நீ யாரு பக்கம்?" என்று கேட்டார் மாமா. மெயில் வந்த அன்று காணாத கோபம் அவர் முகத்தில் அப்போது இருந்தது. சில நாள் கழித்து, இரண்டு வாரத்தை ஒரு வாரமாகக் குறைத்து ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் போதாது என்று போகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.