திறப்பு விழா முடிந்த குழாயும் பாக்கியக்காவும்

செய்தி வந்தபோது கடையில் ஒருவருக்குப் பைப் அறுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஓட்டோக்காரர் முருகையா போனில் அழைத்தார். "நானா, பாக்கியக்கா போய்ச் சேர்ந்துட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்க. பதுளைக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பைப் வாங்க வந்தவரை மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அடுத்த வாரம் எங்கள் பிரதேச சபையின் அமர்வு. அவருடைய தண்ணீர்ப் பிரேரணை மறுபடியும் நிகழ்ச்சி நிரலில் ஏறியிருந்தது. அதற்குள் இந்த மனுஷிக்கு என்ன அவசரம் என்று யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போலிருந்தது.

எங்கள் பிரதேச சபை உறுப்பினர் சிவபாக்கியத்தை உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தவர். பல வருடங்கள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அவரைச் சபைக்கு அனுப்பிய கட்சிக்காரர்கள், அவர் கை தூக்கச் சொன்னால் தூக்குவார், மற்ற நேரம் பேசாமல் இருப்பார் என்று நம்பியிருந்தார்கள். பாவம் அவர்கள். நான் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன், வேறு கட்சி உறுப்பினர். சபையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பது போல் அவருக்கு நான் நானா, எனக்கு அவர் அக்கா. யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை.

அவர் சபைக்கு வந்ததிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்று. சபையின் தண்ணீர்த் தாங்கி அவருடைய தோட்டத்து மலை உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் பெரிய பைப் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களின் வாசலை ஒட்டித்தான் போகிறது. டவுனுக்குப் போகிறது, எல்ல நகரத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதிகளுக்குப் போகிறது. லயத்துக்கு மட்டும் ஒரு குழாய் கிடையாது. மலையிலிருந்து நாள் முழுக்க நின்ற காலோடு இறங்கும் பெண்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போவார்கள். மழை பெய்தால் பீலியில் சேறு வரும், வெயில் அடித்தால் ஒன்றும் வராது. பாக்கியக்கா சபையில் கேட்டால், அது தோட்டத்துக் காணி, தோட்ட மேனேஜர் துரையிடம் போங்கள் என்பார் சபைத் தலைவரான தவிசாளர். துரையிடம் போனால், தண்ணீர் சபையுடையது, சபையில் கேளுங்கள் என்பார். தோட்டத்துக்குள் சபை செலவு செய்ய முடியாது என்று முன்பு சட்டமே சாக்குச் சொல்லிக் கொடுத்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் தவிசாளரின் பதிலைத் திருத்த யாராலும் முடியவில்லை.

இதற்கிடையில் எங்களுக்கு மனித உரிமைகள் படிப்பிக்க, பண்டாரவளையில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள். உள்ளூராட்சியில் மனித உரிமைகளை நடைமுறைப்படுத்துவது எப்படி என்று நாள் முழுக்கப் பாடம். ஆளுக்கொரு வண்ணக் காகிதம் தந்து, உங்கள் பகுதியில் எந்த உரிமை மீறப்படுகிறது, எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார் கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர். நாங்களெல்லாம் சமத்துவம், கௌரவம், பங்கேற்பு என்று எழுதித் தள்ளினோம். பாக்கியக்கா எழுதியது ஒரே சொல்: பீலி. பயிற்சியாளர் குழம்பிப்போய், இது எந்த உரிமைக்குள் வரும் என்று கேட்டார். "அத நீங்கதான் சொல்லணும் சேர், படிச்சவங்க. எங்களுக்குத் தண்ணி வந்தாப் போதும், எதுல வேணும்னாலும் சேத்துக்கோங்க." எல்லோரும் சிரித்தோம். பாக்கியக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாங்க நானா. இதத் தவிசாளருக்கு யாரு சொல்லிக் குடுக்குறது" என்றார். தவிசாளர் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகத் துரையின் சம்மதம் கிடைத்து, சபை லயத்துக்குப் பைப் போட்டது. சின்னத் தாங்கி ஒன்று வைத்தார்கள், குழாய் பொருத்தினார்கள். பெரிய பைப்போடு இணைக்கும் வேலை மட்டும் பாக்கி. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் தவிசாளருக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. பாக்கியக்கா நெஞ்சு வலிக்காகப் பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்துத் திறப்பு விழா வைத்தார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? லயத்து மக்களும் கோயில் கமிட்டியும் சேர்ந்து தப்புமேளம் அடித்து, ஆரத்தி எடுத்து, மாலையும் பொன்னாடையும் போட்டு அவரை அழைத்துப் போனார்கள். பவுசர் லொறியில் கொண்டுவந்து தாங்கியில் ஊற்றிய தண்ணீர் குழாயில் கொட்டியது. போட்டோ எடுத்தார்கள், பேஸ்புக்கில் போட்டார்கள். மறுநாள் விடிய குடத்தோடு வந்த பெண்கள் குழாயைத் திருகினார்கள். காற்று வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பாக்கியக்கா லயத்து ஆட்களை வாங்கு வாங்கென்று வாங்குவார் என்று நினைத்தேன். இல்லை. "அவங்கள ஏசி என்ன செய்ய நானா? நம்ம வாசலுக்கு ஒரு பெரிய மனுசன் வந்தா மாலை போட்டே பழகிட்டோம். வந்தவருக்குல்ல வெக்கமா இருக்கணும்" என்றார். அடுத்த அமர்வில் எழுந்து கேட்டார். திறந்துவைக்கப்பட்ட திட்டம், வேலை முடிந்ததாகப் பதிவாகிவிட்டது என்று செயலாளர் பதில் சொன்னார். உங்கள் மக்களே மாலை போட்டார்களே என்று ஒரு உறுப்பினர் நக்கலடித்தார். "மாலை போட்டது நாங்க. தண்ணி விடவேண்டியது நீங்க. எங்க வேலைய நாங்க செஞ்சிட்டோம், உங்க வேலைய எப்ப செய்யப்போறீங்க?" என்று கேட்டார் பாக்கியக்கா. தவிசாளர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். பிறகு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். அன்று முதல் ஒவ்வொரு முறையும் எழுந்தார், ஒவ்வொரு முறையும் முடிந்த வேலை என்றார்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இதற்குத் தேவை ஒரு வால்வும் கொஞ்சம் பைப்பும். என் கடையில் கிடக்கிற சாமான். சபையின் பைப் வேலைக்காரர் எனக்கு வேண்டியவர், கண்டும் காணாமல் இருப்பார். நானே தருகிறேன், நாளைக்கே மாட்டிவிடலாம் என்று பாக்கியக்காவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார்.

"நீங்க குடுத்தா அது நானா குடுத்த தண்ணி ஆயிரும். உங்களுக்கும் ஒரு மாலை போடுவாங்க. நாளைக்கு ரோட்டுக்கு ஒரு மொதலாளியத் தேடணும், லைட்டுக்கு ஒரு மொதலாளியத் தேடணும். இது சபையோட தண்ணி. சபை தரட்டும்."

அன்று அவரோடு சண்டை போட்டேன். உங்கள் வைராக்கியத்துக்கு அந்தப் பெண்களா குடம் சுமப்பது என்று கத்தினேன். "நானுந்தானே சொமக்குறேன்" என்றார். அது உண்மை. உறுப்பினரான பிறகும், நெஞ்சு வலியோடும், அவர் அதே பீலிக்குத்தான் போனார். அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. சில நேரம் அவர் மேல் எனக்கு அப்படிக் கோபம் வருகிறது.

அடக்கத்துக்குத் தவிசாளர் வந்தார். நல்ல வெள்ளை உடுப்பு. அந்தக் குடிநீர்த் திட்டத்துக்குச் சிவபாக்கியத்தின் பெயரையே வைக்கப்போவதாகக் குழி மேட்டில் நின்று அறிவித்தார். செத்த வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் அமர்வில் அனுதாபப் பிரேரணை வந்தது, எழுந்து மௌனமாக நின்றோம். உட்கார்ந்ததும் அவருடைய தண்ணீர்ப் பிரேரணையை என் பெயரில் கொண்டுவந்தேன். இன்று அதற்கான நாள் இல்லை என்றார்கள். எது அதற்கான நாள் என்று கேட்டேன். செயலாளர் அடுத்த விடயத்தை வாசித்தார்.

போன கிழமை பாக்கியக்காவின் பக்கத்து வீட்டு லெட்சுமி கடைக்கு வந்தார். வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அக்காதான் வேணான்னு சொன்னாங்க. இப்ப அவங்களே இல்ல. நீங்க அத மாட்டிக் குடுத்துருங்களேன் நானா."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "நான் தந்தா அது என் தண்ணி ஆயிரும் லெட்சுமி. சபையில கேட்டுத்தான் எடுக்கணும். நீங்களும் வாங்க, பத்துப் பேரக் கூட்டிட்டு அமர்வுக்கு வாங்க. நான் எழும்பிக் கேக்கிறேன்."

"நீங்களும் அந்த அக்கா மாதிரியே பேசுறீங்க" என்றார் லெட்சுமி. பாராட்டாகச் சொன்னது போல் தெரியவில்லை. வருவதாகவோ வரமாட்டேன் என்றோ சொல்லவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

பாக்கியக்காவை அறிந்த உங்களிடம் இதை மறைக்காமல் சொல்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆறுதல் இல்லை. என் கையால் கொடுக்கக் கூடியதைக் கொடுக்காமல், கொடுக்க வேண்டியவரின் முன்னால் எழுந்து நின்று கேட்கிற அந்தப் பிடிவாதம்தான் மிஞ்சியிருக்கிறது. சுமக்கக் கனமாக இருக்கிறது. இன்று மாலையும் லெட்சுமி பீலிக்குத்தான் போயிருப்பார்.